வேரைப் பிரித்த கை

ஆர்க்கிட் காணாமல் போய் முப்பத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தண்ணீர் தெளித்தபோது ஜெயந்திமாலா அதைக் கடைசியாகப் பார்த்தாள். இப்போது சனிக்கிழமை காலை ஒன்பது.

"மணிக்கணக்கு வச்சிருக்கிற ஆளுங்க கம்மி," என்றார் சகாதேவன். வக்கீல்களுக்காகத் தகவல் விசாரித்துத் தருவது அவர் தொழில். திருவண்ணாமலை பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் ஓர் அறை. அங்கே டைப் அடிக்கும் வேதாவும் ஜெயந்திமாலாவும் ஒன்றாகத் தாவரவியல் படித்தவர்கள். தோழியை அழைத்து வந்தது வேதாதான்.

"ஒரு செடிக்கா இத்தனை கவலை?"

"நாலு வருஷம் சார்," என்றாள் ஜெயந்திமாலா. "ஜவ்வாது மலையில வெட்டிப் போட்டிருந்த கிளையில இருந்துச்சு. அப்பாவும் நானும் கிளையை ஓடையில ஊறப் போட்டு வேரைப் பிரிச்சோம். வீட்டுல மரத்துண்டு மேல நார் பரப்பி, நான் நூல் சுத்த, அப்பா பிடிச்சுக்கிட்டாரு. வேர் மரத்தைப் பிடிக்கவே ஒரு வருஷம். இப்பதான் முதல் தடவையா பூத்திருக்கு. திங்கக்கிழமை பெங்களூர்ல இன்டர்வியூ. ஆராய்ச்சிக்கு ஒரே இடம், என் ஒருத்தியைத்தான் கூப்பிட்டிருக்காங்க. பூ இருந்தாதான் அது என்ன இனம்னு காட்ட முடியும்."

"யார் மேல சந்தேகம்?"

"பாத்திரம் தேய்க்கிற உண்ணாமலைதான்னு அம்மா நேத்தே வேலையை விட்டு நிறுத்திட்டாங்க." அவள் தரையைப் பார்த்தாள். "நானும் தடுக்கல."

வீடு செங்கம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. பின்கட்டில் கீற்றுப் பந்தல். அதன் கீழே பதினோரு மரத்துண்டுகள் கம்பியில் தொங்கின. பத்தில் செடி இருந்தது. ஒன்று வெறுமையாக இருந்தது.

வேதா அதைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அவள் குரல் தானாக உயர்ந்தது.

"சார், பிய்ச்சு எடுத்திருந்தா வேரோட தோல் மரத்துல ஒட்டிக்கிட்டிருக்கும். இதுல ஒண்ணுமே இல்ல. காய்ஞ்ச வேர் பொடிஞ்சு போகும். ஒரு மணி நேரமாவது ஊற வச்சாதான் இப்படி முழுசா வரும்."

"ஊற வச்ச தண்ணி எங்கே?"

துவைக்கும் தொட்டி பந்தலை ஒட்டியே இருந்தது. அதிலிருந்து இரண்டடியில் சாக்கடை. சகாதேவன் சாக்கடையைக் குனிந்து பார்த்தார். பிறகு பன்னிரண்டு அடி நடந்து கிணற்றை எட்டிப் பார்த்தார். தண்ணீரின் மேல் பழுப்பு நார் நாலைந்து இழை மிதந்தது.

"வேருக்கடியில நான் வச்ச நார்," என்றாள் ஜெயந்திமாலா.

உண்ணாமலைக்கு ஆள் போயிற்று. அவள் கொல்லைக் கதவைத் தாண்டி வரவில்லை.

"அந்தச் செடியை நான் வதக்கித் தின்னவா போறேன்?" என்றாள். "ஆறு வருஷமா உங்க வெள்ளிச் சொம்பைத் தேச்சேன். அது பத்திரமாத்தானே இருக்குது?"

"தேச்ச தண்ணியை எங்க ஊத்துவீங்க?" என்று கேட்டார் சகாதேவன்.

"வேற எங்க? சாக்கடையிலதான்."

ஜெயந்திமாலாவின் தாய் குணமதி குறுக்கிட்டாள். "வடிகட்டின துணியைக் கூட இவ அதுலதான் உதறுவா. நாங்க ஜைனருங்க. தண்ணியை வடிகட்டினா, துணியில தங்கினதைத் தண்ணி எடுத்த கிணத்துலயே அலசி விடணும். அதுல உயிர் இருக்கு. நூறு தடவை சொல்லியும் கேக்கல."

"அந்தச் செடிங்களை நீங்க தொட்டிருக்கீங்களா?" என்றார் சகாதேவன்.

"அந்த ஒட்டுண்ணியையா?"

"ஒட்டுண்ணி இல்லைங்க," வேதாவால் பொறுக்க முடியவில்லை. "மரத்தைப் பிடிச்சுக்கும், அவ்வளவுதான். அதுகிட்ட ஒண்ணும் வாங்கிக்காது."

"ஒண்டிக்கிட்டிருக்கிறது எதுவா இருந்தா என்ன, நான் தொடறதில்ல."

உள்வாசலில் ஜெயந்திமாலாவின் தந்தை ஜினராஜ் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார். வேதாவுக்கு அதுவரை இருந்த உற்சாகம் வடிந்தது. விடை அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"அவசரத்துல வந்த திருடன் ஊற வச்சு எடுக்க மாட்டான்," என்றார் சகாதேவன். "எடுத்தது வீட்டுக்குள்ள இருக்கிறவங்க. சாக்கடை ரெண்டடியில இருக்கு. ஆனா ஊற வச்ச தண்ணியை வடிகட்டி, துணியைக் கொண்டுபோய்க் கிணத்துல அலசியிருக்காங்க. அது உண்ணாமலையோட பழக்கமில்ல. இந்த வீட்டுப் பழக்கம். அம்மா செடியைத் தொடறதில்ல, எப்படிப் பிரிக்கணும்னும் தெரியாது. ஓடையில ஊறப் போட்டுப் பிரிச்ச கை ரெண்டு பேரோடது. ஒருத்தர் என்கிட்ட புகார் குடுத்தவங்க."

சகாதேவன் ஜினராஜ் பக்கம் திரும்பினார்.

"செடி உயிரோடதான் இருக்கும். இவ்வளவு பக்குவமா எடுத்தவர் அதைச் சாக விட மாட்டார். கொண்டு வாங்க சார்."

ஜினராஜ் உள்ளே போய் ஒரு மண்சட்டியோடு வந்தார். ஈரத் துணிக்குள் விரல் நீளச் செடி. ஐந்து வெள்ளைப் பூக்கள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நக அளவு.

"கிணத்துல இருக்கிற பூச்சிக்குப் பாத்தீங்க ஐயா," என்றாள் உண்ணாமலை. "எனக்குப் பாக்கல."

அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஜெயந்திமாலா பூவைத்தான் முதலில் பார்த்தாள். "வாடல," என்றாள் வேதாவிடம். "நாளைக்குக் காலை பஸ்ஸுக்குப் போயிடலாம்." அதன் பிறகே தந்தை பக்கம் திரும்பினாள். "போகாதேன்னு நேரா சொல்லியிருக்கலாமேப்பா. சண்டை போட்டிருப்பேன். செடியை எதுக்கு எடுத்தீங்க?"

"போளூர்ல மாப்பிள்ளை பேசியிருக்கோம். வெளியூர்ல தங்கிப் படிக்கிற பொண்ணு வேணாம்னுட்டாங்க."

"அது என் கேள்விக்குப் பதில் இல்லப்பா."

"செடி இல்லைன்னா நீயே போகாம நின்னுடுவேன்னு நெனச்சேன்."

"நான் எதுக்கு நிக்கணும்? பூ இருக்கு. இன்டர்வியூ இருக்கு."

"இல்லம்மா." ஜினராஜ் சட்டியைத் தொட்டியின் விளிம்பில் வைத்தார். "நீ அங்க போய் நின்னா தெரிஞ்சுடும்னுதான். இடம் வேணாம்னு உன் பேர்ல, உன் கையெழுத்தைப் போட்டு, நானே எழுதி அனுப்பி பதினோரு நாள் ஆச்சு. வேற ஒருத்தரை எடுத்துக்கிட்டதா புதன்கிழமை பதிலும் வந்துடுச்சு."