பூட்டின் நிழல்

கவுனுக்குப் பின்னால் சுவரில் விழுந்திருந்த நிழலில் ஒரு பின்னல் தொங்கியது.

ஷெஃபாலி கணினித் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கவுனை மாட்டியிருந்தது கழுத்தோடு முடிந்துபோகும் வெள்ளைப் பொம்மை. தலையே இல்லாத பொம்மைக்குப் பின்னல் எங்கிருந்து வரும்? படம் எடுக்கும்போது எவளாவது விளக்குக்குக் குறுக்கே நின்றிருப்பாள், சோம்பேறிக் கூட்டம், என்று மனதுக்குள் திட்டிவிட்டு நிழலை அழித்தாள். எப்படியும் அழிக்க வேண்டியதுதான். பொம்மையை வெட்டி எறிந்து, லேஸின் ஒவ்வொரு துளையையும் சுற்றிப் புள்ளி வைத்து வெட்டி, கவுன் மட்டும் ஆளில்லாமல் நிற்பதுபோல் ஆக்கி, அடியில் புதிதாக ஒரு நிழல் போட வேண்டும். டாக்காவில் கடைகளுக்காகப் படம் திருத்தும் இந்த வேலை செய்கிறவர்கள் இதைப் பேய் வேலை என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

இன்று சிரிக்க ஆள் இல்லை. பிறை தெரிந்துவிட்டது, நாளை பெருநாள். மீர்பூரின் அந்த நாலாவது மாடி அறையில் இருந்த அத்தனை பேரும் பஸ்ஸும் படகும் பிடித்து ஊருக்குப் போய்விட்டார்கள்; வேலை கொடுத்தவன் மட்டும் டீ குடிக்கப் போயிருந்தான். தெருவில் பிள்ளைகள் வெடிக்கிற பட்டாசுச் சத்தமும், நோன்பு திறந்துவிட்டு மீதி வைத்த வெங்காயப் பக்கோடாவின் ஆறிப்போன எண்ணெய் வாசனையும், வரிசையாக அணைந்து கிடந்த திரைகளில் அவள் திரையின் வெளிச்சம் லேசாக மினுங்குவதும் தவிர அங்கே துணைக்கு எதுவும் இல்லை. ஷெஃபாலிக்குப் போக இடமில்லை. அவளுக்கென்று இருந்தது தங்கை பாருல் ஒருத்திதான்.

பாருல், காலேக் சாஹிப்பின் தையல் ஆலையில் மேல்மாடியில் வேலை பார்த்தாள். போன குளிரில் அந்த மாடி எரிந்தது. இரும்புக் கதவு பூட்டியிருந்தது என்று கீழே தப்பியவர்கள் சொன்னார்கள். துணி திருட்டுப்போகும் என்று எப்போதும் பூட்டித்தான் வைப்பார்கள். பூட்டவே இல்லை என்றார் சாஹிப். பத்திரிகையில் படமும் வந்தது. கரி பிடித்த கதவு, அதில் பூட்டும் இல்லை, சங்கிலியும் இல்லை.

"கதவு தொறந்துதாம்மா இருந்துச்சு. உன் தங்கச்சி உள்ள இருந்திருந்தா ஓடி வந்திருப்பா. எவன்கூடவாவது போயிருப்பா, நல்லாத் தேடிப் பாரு," என்று ஆலை மேலாளர் அவள் முகத்துக்கு நேரே சொன்னான்.

அடக்கம் செய்ய உடல் கிடைக்கவில்லை, அதனால் கபரும் இல்லை. பாருல் அங்கேதான் செத்தாள் என்று ஒரு வாயாவது ஒப்புக்கொள்ளட்டும் என்றுதான் ஷெஃபாலி அன்றிலிருந்து படியேறி இறங்கினாள். எந்த நாசமாய்ப் போன வாயும் திறக்கவில்லை.

அடுத்த படம் கவுன் கழுத்தின் உட்பக்கம். பொம்மை இருந்த இடத்தில் இதைத்தான் ஒட்ட வேண்டும். உள்ளே தைத்திருந்த துணிப்பட்டியில் காலேக் சாஹிப்பின் ஆலை முத்திரை இருந்தது.

தீப்பிடித்ததும் கிடங்கிலிருந்த துணிமூட்டைகளை இறக்கிவிட்டுத்தான் மேலே கதவைப் பற்றி யோசித்தார்கள் என்று ஊரே பேசியது. இதோ அந்தக் கவுன்கள், ஒரு நூல்கூடக் கருகாமல், லேஸும் ரிப்பனுமாக. பாவிகள், அதற்கு அவள் கையாலேயே நிழல் போடச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

கோபத்தில் அடுத்த படத்தைத் திறந்தாள். பின்னல் நிழல் அதிலும் இருந்தது. இப்போது இரண்டு கைகளும் மேலே தூக்கியிருந்தன. ஒரு மணிக்கட்டில் தடித்த ஒற்றை வளையல். பாருலுக்கு அப்படி ஒரு பித்தளை வளையல் உண்டு. அழித்தாள். சேமித்துவிட்டு மறுபடி திறந்தாள். இருந்தது. அதற்கடுத்த படத்தில் நிழல் இன்னும் பெரிதாக இருந்தது. விளக்கை நெருங்க நெருங்க நிழல் பெரிதாகும் என்பது அவள் தொழிலின் முதல் பாடம். அப்படியென்றால் அது சுவரைவிட்டு இந்தப் பக்கம் நடந்து வருகிறது.

பக்கோடா வாசனைக்கு அடியில் வேறு ஒரு வாசனை. கருகிய துணி.

அடுத்த படம். கம்பிகளின் நிழல். அவற்றைப் பிடித்த விரல்களின் நிழல். நடுவில் சங்கிலி. சங்கிலியில் ஒரு பூட்டு.

ஷெஃபாலி கைபேசியில் அந்தப் பத்திரிகைப் படத்தை எடுத்தாள். எத்தனையோ முறை பார்த்து அழுத படம்தான். அக்காவின் கண்ணால் பார்த்திருந்தாள், வெட்டுகிறவளின் கண்ணால் பார்த்ததில்லை. இப்போது கதவை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தாள். புகைப்படக்காரனின் விளக்கு கதவின் கம்பிகளைத் தரையில் கோடுகோடாக இழுத்திருந்தது. அந்தக் கோடுகளுக்கு நடுவே, கொழுக்கட்டை அளவுக்கு, தெளிவாக, பூட்டின் நிழல்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் காம்பை வெளியே விட்டுவிட்டான்.

கதவின் நடுவே தலைகீழாக ஒட்டியிருந்த துருக்கறையில் எவன் என்பதும் தெரிந்தது. வெட்டிய இடத்தை மூடப் பக்கத்துக் கறையை எடுத்து அப்படி ஒட்டுகிறவன் இந்த அறையில் ஒருவன்தான். அவளுக்கு வேலை கொடுத்த மிசான் பாய். நிழல் ஒட்டவில்லையென்றால் பொருள் அங்கே இல்லை என்று அர்த்தம் என்று நாளெல்லாம் எல்லாரையும் திட்டுகிற மிசான் பாய்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. டீ குடிக்கப் போகும்போதும் அவளை உள்ளே வைத்து அவன் கதவைப் பூட்டிக்கொண்டுதான் போவான்; இங்கேயும் அதே மடக்குக் கம்பிக் கதவு, அதே திருட்டுப் பயம். பூட்டைத் திறந்து கம்பியில் தொங்கவிட்டு, சாவியை விரலில் சுற்றிக்கொண்டே வந்தவன், முடிந்ததா என்று கேட்டான்.

அவள் கைபேசியை நீட்டினாள். "இந்தப் பூட்டை வெட்டினது நீங்கதானே, பாய்?"

மிசான் பார்த்தான். தரையில் இருந்த நிழலைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. அந்த நேரத்திலும் தன் வேலையில் விழுந்த பிழைதான் அவனுக்கு முதலில் தைத்தது என்று அவளுக்குப் பட்டது. அப்போதே அவனை அறைந்திருப்பாள், அடக்கிக்கொண்டாள்.

"நான் வெட்டலைன்னா வேற எவனாவது வெட்டியிருப்பான். ஆலைக்காரங்க அவசரம்னாங்க. நாலு பேரு சோறு திங்கிற இடம் இது, ஷெஃபாலி."

"எந்தங்கச்சி ஓடிப்போனவன்னு ஊரெல்லாம் பேசுச்சு. நீங்களும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

அவள் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கம்பிக் கதவைத் தள்ளி, படிமுகப்புக்கு வந்தாள். அப்போது மின்சாரம் போனது. படிக்கட்டுத் திருப்பத்தில் அவசர விளக்கு மட்டும் வெளிறிப்போய் எரிந்தது. பின்னால் கதவு இழுபடும் சத்தம்.

திரும்பினாள். கதவு மூடியிருந்தது. மிசான் உள்ளே நின்றான்.

"விளையாடாத, ஷெஃபாலி. கதவைத் தொற."

"நான் மூடலை."

அவன் கம்பியைப் பிடித்து உலுக்கினான். அசையவில்லை. ஷெஃபாலி கொண்டிக்குக் கையைக் கொண்டுபோனாள். பூட்டு இல்லை. அவன் தொங்கவிட்ட பூட்டு எங்கேயும் இல்லை. காற்றுதான். எவ்வளவு கோபம் இருந்தாலும் அவள் இரண்டு கையாலும் இழுத்தாள். உண்மையாகவே இழுத்தாள். வரவில்லை.

கருகிய துணி வாசனை. இப்போது புகையோடு. அறைக்குள்ளிருந்து.

"ஷெஃபாலி, எரியுது. உள்ள என்னமோ எரியுது."

"பாருல் அங்கதான் இருந்தா. சொல்லுங்க."

"இருந்தா." அவன் இருமினான். "அந்தப் படத்துல பூட்டு மட்டும் இல்ல. கம்பியைப் பிடிச்சபடி ஒரு கை இருந்துச்சு. வளையலோட. அதையும் வெட்டினேன்."

ஒரு வாய் ஒப்புக்கொண்டுவிட்டது. அவள் கேட்டதெல்லாம் அதைத்தான். இனி கதவு திறக்கும் என்று நினைத்தாள்.

திறக்கவில்லை.

மிசான் கம்பிகளுக்கிடையே கையை நீட்டினான். விரலில் சாவி. போடப் பூட்டு இல்லை. வெறுங்காற்றில் குத்தினான். மறுபடி குத்தினான்.

அவள் தரையைப் பார்த்தாள். விளக்கொளியில் கம்பிகள் கோடுகோடாகக் கிடந்தன. நடுவில் பூட்டின் நிழல். சாவியின் நிழல் அதை நோக்கி நீண்டது. தொடவில்லை. பின்னல் போட்ட ஒரு நிழல் அங்கே குந்தியிருந்தது; வளையல் போட்ட கையால் அந்தப் பூட்டை இறுக்கிப் பொத்திக்கொண்டிருந்தது.