பேட்டரிக்குள் காரம்

"பீ... பீ... பீ... பீ..."

இன்வெர்ட்டர் அலறியது. காலைச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் இருந்த நான்கு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். தம்பி வாயில் இருந்ததை விழுங்காமலே ஓடினான்.

அப்பா சத்தத்தை நிறுத்தும் பொத்தானை அமுக்கினார். "ஃபேன், லைட்டு, டிவி எல்லாத்தையும் நிறுத்துங்க. முட்டைப் பெட்டி மட்டும் ஓடட்டும்."

அந்த வீட்டுக்கு மின்கம்பி கிடையாது. கடைசி மின்கம்பம் மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலேயே நின்றுவிட்டது. கூரையில் சோலார் தகடுகள் இருந்தன. பின் அறையில், நீளமான மரப்பலகை மேல், இருபது பேட்டரிகள். பகல் முழுக்க வெயிலைச் சேர்த்து வைத்து இரவில் திருப்பித் தருவது அவற்றின் வேலை.

அவற்றை நம்பித்தான் அம்மா குஞ்சு பொரிக்கும் முட்டைப் பெட்டி வைத்திருந்தார். உள்ளே இருநூற்று நாற்பது முட்டைகள். இன்று பதினெட்டாவது நாள். இன்னும் மூன்று நாளில் குஞ்சுகள் ஓட்டைக் கொத்திக்கொண்டு வெளியே வரும். பெட்டியில் சூடு நின்றுபோனால் ஒன்றுகூட வராது.

அப்பா திரும்பி மகளைப் பார்த்தார். "இந்த வாரமும் தண்ணி ஊத்த மறந்துட்டியா?"

அவளுக்குப் பதினொரு வயது. வீட்டில் அவளை 'மிளகாய்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்பதற்குள் அவள் மூக்கு நுனி சிவந்துவிடும்.

"மறக்கல," என்றாள்.

"அப்ப ஏன் இப்படிக் கத்துது?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் ஞாயித்துக்கிழமை தவறாம மூடியைத் திறந்து பார்த்து, குறைஞ்சிருந்தா ஊத்துறேன்."

அப்பா மூலையில் இருந்த பெரிய கேனைத் தூக்கிக் காட்டினார். பேட்டரிக்கு ஊற்றும் சுத்தமான தண்ணீர் கேன் அது. "ஊத்தியிருந்தா இது எப்பவோ காலியாகியிருக்கணும். மூணு வாரமா அப்படியே கிடக்கு. வேலை செய்யலைன்னா பரவாயில்ல, பொய் சொல்லாதே."

பொய் என்ற வார்த்தை அவள் காதில் சுடுதண்ணீர் மாதிரி விழுந்தது. ஓடிப்போய், பேட்டரிக் கணக்கை எழுதி வைக்கும் தன் நோட்டைத் தேடி எடுத்து வந்தாள். அதற்குள் அப்பா போனில் பேட்டரி மெக்கானிக்கைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்கு மெக்கானிக் வந்தார். பைக்கின் பின்னால் வெள்ளை நிற ஆசிட் கேன் கட்டியிருந்தது. இந்த வீட்டுக்கு அவர் வருவது இதுதான் முதல் முறை. பின் அறைக்குப் போய்ப் பேட்டரிகளைப் பார்த்தார்.

"எங்க வாங்கினீங்க சார் இதை? என் வயசு இருக்கும்போல."

"பழைய ரயில் பெட்டியில இருந்து கழட்டினது. ஏலத்துல எடுத்தோம்."

மெக்கானிக் கையுறை மாட்டிக்கொண்டு ஒரு மூடியைத் திறந்தார். மிதவை வைத்த கண்ணாடிக் குழாயால் உள்ளே இருந்ததைக் கொஞ்சம் உறிஞ்சினார். குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"மிதவை எவ்வளவு கீழ நிக்குது பாருங்க. ஆசிட் செத்துப்போச்சு சார். வெறும் தண்ணியா ஆயிடுச்சு. யாரு இதைப் பார்த்துக்கிறது?"

அப்பாவின் கண் மகள் பக்கம் போனது. அதுவே போதுமானதாக இருந்தது.

"சின்னப் பொண்ணு கையில பேட்டரியைக் கொடுக்கலாமா சார்? சரி விடுங்க. கேனை எடுத்துட்டு வரேன். எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் ஆசிட் ஊத்தினா உயிர் வந்துடும்."

"ஊத்தக் கூடாது," என்றாள் மிளகாய். "அதுக்குள்ள ஆசிட்டே இல்ல. காரம்தான் இருக்கு."

மெக்கானிக் ஒரு நொடி அவளைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "காரமா? அப்ப கடையில போய் மிளகாய்த்தூள் வாங்கிட்டு வரட்டுமா பாப்பா?"

அப்பாவும் சிரித்துவிட்டார். "எங்க வீட்டு மிளகாய்க்கு எல்லாமே காரம்தான் அண்ணே."

"அப்பா, ஏலத்துல கொடுத்தவர் சொன்னாரே. நான் நோட்டுல எழுதியிருக்கேன். இது நிக்கல் இரும்பு பேட்டரி. ஆசிட் பட்டா அதோட முடிஞ்சது."

"அந்த ஆளு ஆயிரம் சொன்னான். உலகத்துல ஆசிட் இல்லாத பேட்டரி உண்டாம்மா? நீ தள்ளு."

மெக்கானிக் கையில் குழாயோடே கேனை எடுக்க வெளியே போனார். அவரோடு பேசிக்கொண்டே அப்பாவும் போனார்.

பின் அறைக் கதவு 'டமார்' என்று சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

"ஏய், கதவைத் திற," அப்பா தட்டினார்.

"திறக்க மாட்டேன்."

"விளையாடுற நேரமா இது? முட்டை எல்லாம் வீணாகப் போகுது."

"நீங்க ஆசிட் ஊத்தினாத்தான் வீணாகப் போகும். அதுவும் ஒரேயடியா."

அம்மா ஓடி வந்தார். காற்றுக்காக எப்போதும் திறந்தே இருக்கும் கம்பி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். மகள் பேட்டரிகளுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மூக்கு நுனி மட்டுமில்லை, காதும் சிவந்திருந்தது. கன்னத்தில் கண்ணீர் வழிந்திருந்தது. அதைத் துடைக்கக்கூட அவளைக் கோபம் விடவில்லை.

"என்னடி இது?"

"நான் பொய் சொல்றேன்னு சொல்றாரும்மா. நான் சொல்றதை யாரும் காதுல வாங்க மாட்டேங்குறீங்க. சிரிக்கிறீங்க."

அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "சரி. நான் சிரிக்கல. முட்டைப் பெட்டி இப்போதைக்கு ஓடிட்டுதான் இருக்கு. சொல்லு, அதுக்குள்ள ஆசிட் இல்லைன்னு எப்படிக் காட்டுவே?"

மிளகாய் யோசித்தாள். கத்தினால் கதவு வேண்டுமானால் மூடும், யார் காதும் திறக்காது. கண்ணால் பார்க்கிற மாதிரி ஒன்று வேண்டும்.

போன வருடம் பள்ளிக்கூடச் சட்டையில் மஞ்சள் கறை பட்டது. சோப்புப் போட்டதும் கறை ரத்தச் சிவப்பாகிவிட்டது. சட்டைக்குக் காயம் பட்டுவிட்டது என்று தம்பி ஊரைக் கூட்டினான். சோப்பில் காரம் இருக்கிறது, காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், அமிலம் பட்டால் சிவக்காது என்று மறுநாள் அறிவியல் டீச்சர் சொன்னார்.

"தம்பி," ஜன்னலில் இருந்து கத்தினாள், "சமையலறையில இருந்து..."

அவள் முடிப்பதற்குள் தம்பி ஓடிவிட்டான். அரை நிமிடத்தில் ஒரு டப்பாவோடு வந்தான். மிளகாய்த்தூள்.

"பேட்டரிக்குக் காரம் வேணும்னு சொன்னீங்கல்ல. போதுமா, இன்னொரு டப்பா கொண்டு வரட்டுமா?"

அவ்வளவு கோபத்திலும் மிளகாய்க்குச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அதைப் பிடித்து உள்ளே தள்ளினாள்.

"இது இல்லடா. மஞ்சள்தூள். கொஞ்சம் தண்ணியும்."

நோட்டிலிருந்து வெள்ளைத் தாள் ஒன்றைக் கிழித்து ஜன்னல் கம்பி வழியாக நீட்டினாள். அம்மா அதில் மஞ்சளைக் குழைத்து இரண்டு வட்டம் பூசி ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

"அண்ணே," மிளகாய் மெக்கானிக்கைக் கூப்பிட்டாள், "உங்க குழாய்ல இன்னும் எங்க பேட்டரியில எடுத்தது இருக்குல்ல? அதுல ஒரு சொட்டு இந்த வட்டத்துல விடுங்க. உங்க கேன்ல இருந்து ஒரு சொட்டு அந்த வட்டத்துல விடுங்க. ரெண்டும் ஒரே மாதிரி ஆச்சுன்னா நானே கதவைத் திறக்கிறேன். திட்டினாலும் வாங்கிக்கிறேன்."

"நேரம்தான் வீண் சார்," என்றார் மெக்கானிக்.

"ஒரு சிட்டிகை மஞ்சள்தானே. பார்த்துடுவோம்," என்றார் அம்மா. அவர் குரலில் இருந்ததைக் கேட்டு அப்பா வாயை மூடிக்கொண்டார். மகள் யாரைக் கொண்டு பிறந்தாள் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மெக்கானிக் ஒரு குச்சியின் முனையால் கேனிலிருந்து ஆசிட்டைத் தொட்டு வைத்தார். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

பிறகு குழாயை அமுக்கி, அடுத்த வட்டத்தில் ஒரு சொட்டு விட்டார்.

மஞ்சள் சிவந்தது. செங்கல் பொடியைக் கரைத்து ஊற்றியது போலச் சிவந்தது.

"அக்கா, தாளுக்குக் காயம்," என்றான் தம்பி.

மெக்கானிக் குனிந்து தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு சொட்டு விட்டார். அதுவும் சிவந்தது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். இந்த மாதிரி பேட்டரி என் கைக்கு வந்ததே இல்ல. இதுல போய் ஆசிட்டை ஊத்தியிருந்தேன்னா..."

அவர் முடிக்கவில்லை. கேனின் மூடியை இறுக்கித் திருகினார்.

தாழ்ப்பாள் திறந்தது. ஆனால் மிளகாய் வாசலை மறித்துக்கொண்டுதான் நின்றாள்.

"மிதவை கீழ நிக்குதுன்னு சொன்னீங்கல்ல? இந்தப் பேட்டரி நிறைஞ்சு இருந்தாலும் சரி, காலியா இருந்தாலும் சரி, மிதவை அங்கேயேதான் நிக்கும். அதுவும் நோட்டுல இருக்கு."

"கொடு பாப்பா, அந்த நோட்டை," என்றார் மெக்கானிக். இப்போது அவர் சிரிக்கவில்லை.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு வரி. வெயில் மின்சாரத்தைப் பேட்டரிக்கு அனுப்பும் சார்ஜ் பெட்டியில் மத்தியானம் தெரிந்த வோல்ட் எண், ஊற்றிய தண்ணீரின் அளவு. '33, மூன்று லிட்டர். 33, மூன்று லிட்டர். 33, இரண்டே முக்கால் லிட்டர்.' அதற்குப் பிறகு மூன்று வாரம்: '28, கால் லிட்டர். 28, கொஞ்சம். 28, தேவைப்படவில்லை.'

"மூணு வாரமா தண்ணி குறையவே இல்லையா?" என்று கேட்டார் மெக்கானிக்.

"குறையல. மூடியைத் திறந்தா கோடு வரைக்கும் இருந்துச்சு. அப்புறம் எங்க ஊத்துறது, என் தலையிலயா?"

அப்பா கேனைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"தண்ணி எப்ப குறையும்? பேட்டரி நல்லா சார்ஜ் ஆகி உள்ள குமிழி வரும்போது. குறையலைன்னா..." மெக்கானிக் நோட்டில் விரலை வைத்தார். "சார்ஜே சரியா ஆகல. முப்பத்துமூணு வரைக்கும் போக வேண்டியது இருபத்தெட்டோட நின்னுடுது. வயிறு நிறையறதுக்குள்ள யாரோ தட்டை எடுத்துடுறாங்க."

மிளகாய் வழிவிட்டாள். அவளும் மெக்கானிக்கும் சுவரில் இருந்த சார்ஜ் பெட்டியிடம் போக, மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். மிளகாய்தான் அதன் கீழ்ப்பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்தாள். அவள் எப்போதும் எண்ணைத்தான் பார்ப்பாள். இந்தக் கதவைத் திறந்ததில்லை. உள்ளே ஒரு திருகு. அதன் ஒரு பக்கம் 'நிக்கல்' என்றும், மறுபக்கம் 'ஆசிட்' என்றும் எழுதியிருந்தது.

முள் 'ஆசிட்' பக்கம் நின்றது.

"யாரு இதைத் திருப்பினது?" என்றார் மெக்கானிக். "நான் இன்னைக்குத்தான் இந்த வீட்டுக்குள்ளயே வரேன்."

அம்மா இல்லை என்று தலையை ஆட்டினார். மிளகாயும் ஆட்டினாள். தம்பி, எதற்கும் இருக்கட்டும் என்று, தலையை இரண்டு பக்கமும் பலமாக ஆட்டினான். அப்பா இருமினார்.

மெக்கானிக் திருகை 'நிக்கல்' பக்கம் திருப்பினார். வெளியே வெயில் கொளுத்தியது. இருபத்தெட்டில் மாட்டிக்கொண்டிருந்த எண் மெல்ல நகர்ந்தது. இருபத்தொன்பது. முப்பது. அம்மா முட்டைப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தார். "முப்பத்தேழரை டிகிரி. சூடு குறையல," என்றார்.

எண் முப்பத்தொன்றைத் தாண்டியது. பேட்டரிகளுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. முதலில் ஒன்றில், பிறகு ஐந்தாறில், பிறகு இருபதிலும். அடுப்பில் வைத்த பானை போல, குமுகுமு, குமுகுமு.

அப்பா தம்பியைத் தூக்கிக்கொண்டு மூன்றே தாவலில் வாசலுக்கு வெளியே போய் நின்றார். "எல்லாரும் வெளிய வாங்க. மறுபடியும் கொதிக்குது."

"கொதிக்கல சார், சாப்பிடுது," என்றார் மெக்கானிக். "இந்தச் சத்தம் வந்தாத்தான் நல்லது."

மிளகாய் மெதுவாகத் திரும்பினாள். கைகளைக் கட்டிக்கொண்டாள். மூக்கு நுனி மறுபடி சிவந்தது.

"மறுபடியும்னு சொன்னீங்க," என்றாள். "இதுக்கு முன்னாடி எப்ப கேட்டீங்க, அப்பா?"

அப்பா கூரையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அங்கே உதவி எதுவும் கிடைக்காது என்று தெரிந்தது. தம்பியை இறக்கிவிட்டார்.

"மூணு வாரத்துக்கு முன்னாடி, வெடிச்சுடுமோன்னு பயந்து நான்தான்மா அதைத் திருப்பி வெச்சேன், சொன்னா நீ கோபப்படுவியேன்னுதான் சொல்லல."