பார்க்காமல் போட்ட கையெழுத்து

லண்டன் குட்மேய்ஸில் ஜெனோஜா வீட்டு அழைப்பு மணியை அழுத்திவிட்டு, யனுஷன் கால் மிதியடியைப் பார்த்தபடி நின்றான். பட்டப்பகல்தான். ஆனாலும் அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. நாலு மாதமாக அவள் கண்ணில் படாமல் ஒளித்துத் திரிந்தவன் அவன்.

"வாங்கோ யனுஷன் அண்ணை. கராஜைக் காலி செய்ய வேணும். அவரின்ரை சாமான்கள் உங்களுக்குத்தானே விளங்கும். வாற கிழமை மரண விசாரணையும் வருது. எல்லாத்தையும் அவரின்ரை பிழை எண்டுதான் எழுதப்போறாங்கள் போல."

யனுஷன் தலையை ஆட்டினான்.

ஜெனோஜாவின் கணவன் விதுசன் விமானப் பந்தயக்காரன். ஒருவர் மட்டும் உட்காரும் குட்டி விமானம் ஒன்றை அவனும் நண்பன் யனுஷனும் அதே கராஜில் ஏழு வருடம் பாடுபட்டுக் கட்டினார்கள். பந்தயம் வந்தால் இறக்கைகளைக் கழற்றி டிரெய்லரில் ஏற்றிப்போய், மைதானத்தில் மறுபடி பூட்ட வேண்டும். பூட்டியவன் தன் வேலையைத் தானே சரிபார்க்கக் கூடாது. இன்னொருவன் இறக்கை மூடியைத் திறந்து, டோர்ச் அடித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். விதுசன் பூட்டுவான், யனுஷன் பார்ப்பான்.

அந்தக் கடைசிப் பந்தயத்தன்று தூறல். விமானங்களை ஓடுபாதைக்கு அழைத்துவிட்டார்கள். ஈரப்புல்லில் முழங்கால் போட யனுஷனுக்குப் பஞ்சியாக இருந்தது. காரின் பொனட்டில் தாளை வைத்துக் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டான். வெட்கங்கெட்ட சோம்பல், வேறென்ன சொல்வது?

"பாத்தியோ?" என்று கேட்டான் விதுசன்.

"பாத்தன்."

மூன்றாவது சுற்றின் வளைவில் விமானம் தலைகீழாகத் தரையில் மோதி, ஒன்றும் மிஞ்சாமல் எரிந்தது. மாலையில் டிரெய்லர் தட்டில் சின்னஞ்சிறு பின் ஒன்று கிடந்தது. இறக்கைக்குள் இருக்கும் நட்டு கழன்றுவிடாமல் பிடிக்கிற பின். பூட்டும்போது விதுசன் மறந்திருக்கிறான். மூடியைத் திறந்திருந்தால் யனுஷன் கண்டிருப்பான். அவன் அந்தப் பின்னைச் சாக்கடையில் எறிந்தான். விதுசன் சாகசம் காட்டப்போய்ச் செத்தான் என்று ஊரெல்லாம் பேசியபோதும் வாயைத் திறக்கவில்லை.

யனுஷன் கராஜுக்குள் நுழைந்தான். ஜன்னல் கிடையாது. மின்விளக்கு மங்கலாக எரிந்தது. பழைய எண்ணெய் வாடைக்கு அடியில் வேறொரு வாடை மெல்ல எழுந்தது. எரிந்த பெட்ரோல். அதோடு கருகிய தோல்.

அவன் மூச்சை அடக்கினான்.

இறக்கைகளை மாட்டிவைக்கும் வெற்றுச் சட்டத்தின் பக்கம் ஏதோ சுழலும் சத்தம். நட்டு ஒன்று தன்பாட்டில் கழல்கிறது. மெதுவாக, ஒவ்வொரு சுற்றாக.

அங்கே இறக்கையும் இல்லை, நட்டும் இல்லை.

சத்தம் நின்றது. ஏதோ சீமெந்துத் தரையில் விழுந்து உருண்டு, அவன் சப்பாத்தில் முட்டி ஓய்ந்தது. குனிந்து பார்த்தான். தரை வெறுமையாக இருந்தது.

காதோரம் சூடான மூச்சு.

"பாத்தியோ?"

பயத்தைவிட வெட்கம்தான் அவனைப் பிடுங்கித் தின்றது. செத்தவனிடமும் பொய் சொல்ல நாக்கு ஒருமுறை எழுந்ததே, அந்த வெட்கம்.

"இல்லை மச்சான்," என்றான் அழுகையோடு. "பாக்கேல்லை."

குசினிக்குள் ஜெனோஜா கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். யனுஷன் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினான். தூறலை, கையெழுத்தை, பின்னை, சாக்கடையை. அவள் திரும்பவே இல்லை.

"தெரியும் அண்ணை," என்றாள் கடைசியில். "அவர் சொன்னவர். உங்களைக் கூப்பிடச் சொன்னதும் அவர்தான்."

யனுஷன் கராஜ் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"விசாரணையிலையும் இதை இப்பிடியே சொல்லுங்கோ. உங்களுக்குப் பக்கத்திலை வந்து இருப்பாராம்."

அவளுடைய இரண்டு கைகளும் சவர்க்காரத் தண்ணீருக்குள் இருந்தன. யனுஷனின் தோளில் பின்னாலிருந்து ஒரு கை படிந்தது.

சட்டையைத் தாண்டிச் சுட்டது.