இருபத்திரண்டாம் பொருள்

காலை ஏழு மணிக்கு ஜெயசீலன் கட்டிலில் உட்கார்ந்து, “ஸ்டார்ட்” என்றான். எழுந்தான். பல் துலக்க ஒருமுறை, சட்டை போட ஒருமுறை, உப்பளத்துக்குக் கிளம்ப ஒருமுறை அதே சொல்லைச் சொன்னான். தூத்துக்குடியில் பாதிப்பேர் அப்படித்தான் வாழ்ந்தார்கள்.

ஆறு வருடத்துக்கு முன் வந்த காய்ச்சல், பிழைத்தவர்களிடம் அறிவையும் பலத்தையும் விட்டுவைத்தது. எதையும் ஆரம்பிக்கும் சக்தியை மட்டும் எடுத்துக்கொண்டது. கேட்டால் பதில் சொல்வார்கள். தட்டு முன்னால் இருந்தாலும் கை போகாது. அவர்கள் காதுக்குப் பின்னால் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு தொடக்கி பொருத்தப்பட்டது. ஒரே ஒரு சொல்லைச் சொல்ல மாதக்கணக்கில் பழக்கினார்கள். மனதில் செயலை நினைத்து அந்தச் சொல்லைச் சொன்னால் உடல் இயங்கும். சொல் இல்லாமல் எழும் எதையும் தொடக்கி அடக்கிவிடும். இல்லாவிட்டால் கைகால் கண்டபடி ஆடும் என்றார்கள்.

ஜெயசீலனின் மனைவி பியூலாவுக்குக் காய்ச்சல் வரவில்லை. தொடக்கி செய்யும் நிறுவனத்தில் அவள் அகராதிப் பிரிவில் இருந்தாள். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு முப்பத்தொரு பொருள் எழுதியிருந்தாள்; அகராதியில் உள்ள செயல்களைத்தான் தொடக்கி இயக்கும். வண்டியை இயக்குவது, பயணம் கிளம்புவது, பேச்செடுப்பது, சண்டைக்குப் போவது. இருபத்திரண்டாவது, திடுக்கிடுவது; ஆங்கிலத்தில் அதற்கும் அதே சொல்தான். சோதனையில் ஒருவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சொல்லைச் சொல்லித் தூக்கிவாரிப்போட்டு மார்பில் கொட்டிக்கொண்டார். அந்தப் பொருளை அவளே அழித்தாள்.

ஒரு வியாழக்கிழமை உப்பளத்தில் லாரி ஒன்று பின்னால் வந்து ஜெயசீலனின் இடது காலில் ஏறியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

“ஹாரன் கேக்கலையா?” என்று ஆஸ்பத்திரியில் பியூலா கேட்டாள்.

“கேட்டுச்சு.”

“பின்ன ஏன் நகரல?”

“நகரணும்னு தெரிஞ்சுது. ஸ்டார்ட் சொல்லலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள ஏறிருச்சு.” சாப்பாட்டில் உப்பு குறைவு என்பதைச் சொல்லும் குரலில் சொன்னான். அவள் அழுதாள். அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுவாரம் மேலாளர் இந்திராணியிடம் போனாள்.

“இருபத்திரண்டைத் திரும்பச் சேர்க்கணும், மேடம்.”

“சேர்த்தா? லாரி வர்றப்ப யாரு ஸ்டார்ட் சொல்லுவா?”

“அதுக்கு மட்டும் சொல் வேண்டாம். தானா நடக்கட்டும்.”

“சொல்லாம நடக்கக்கூடாதுங்கிறதுதான இந்தக் கருவியே. முடியாது பியூலா.”

பியூலா தன் மேசைக்குத் திரும்பினாள். இருபத்திரண்டு: திடுக்கிடுதல். சொல் தேவையில்லை. எல்லாத் தொடக்கிகளுக்கும் அனுப்பினாள்.

பத்தரை மணிக்குத் துறைமுகத்தில் சங்கு ஊதியது. ஊரில் பாதிப்பேர் ஒரே சமயத்தில் துள்ளி விழுந்தார்கள். பாத்திரங்கள் உருண்டன. தொடக்கி ஒரு கதவைத் திறந்துவிட்டது. அந்தக் கதவு வழியே வந்தது திடுக்கிடல் மட்டும் அல்ல. மத்தியானத்துக்குள் தெருத்தெருவாக அழுகை கேட்டது. காய்ச்சலில் செத்த அப்பாவுக்கு, பிள்ளைக்கு, ஆறு வருடமாக யாரும் அழுதிருக்கவில்லை.

ஜெயசீலன் வெட்டுப்பட்ட காலைப் பிடித்துக்கொண்டு கத்தினான். தன் அம்மா பேரைச் சொல்லிக் கத்தினான். பியூலா அவனைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். மூன்று நாள் அவன் தூங்கவில்லை.

நாலாம் நாள் நிறுவனத்தின் வாசலில் நாலாயிரம் பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். புதிதாகச் சேர்த்ததை எடுத்துவிடுங்கள் என்பதுதான் எல்லோருடைய கோரிக்கையும். ஊன்றுகோலோடு ஜெயசீலனும் நின்றிருந்தான்.

இந்திராணி பியூலாவைத் திட்டவில்லை. கணினித் திரையைக் காட்டினாள். வாசலில் நிற்பவர்கள் எத்தனை முறை ஸ்டார்ட் சொன்னார்கள் என்று தொடக்கிகள் பதியும் எண் அது. காலையிலிருந்து சுழியம்.

“யாரும் சொல்லல,” என்றாள் பியூலா. “தானா கெளம்பி வந்திருக்காங்க. காய்ச்சல் எப்பவோ போயிருச்சு, மேடம். கருவிதான் இவங்களைப் பிடிச்சு வச்சிருந்திருக்கு.”

“தெரியுது. வெளிய போய் அவங்ககிட்ட சொல்லு.”

பியூலா போய்ச் சொன்னாள். ஒலிபெருக்கியில் இரண்டுமுறை சொன்னாள். நீங்கள் குணமாகிவிட்டீர்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் கவனமாகக் கேட்டார்கள். அழுதுகொண்டே கேட்டார்கள்.

“இருக்கட்டும்மா. இத எப்ப எடுப்பீங்க?” என்றார் ஒரு பெரியவர்.

அவள் ஜெயசீலனிடம் வந்தாள். “நீங்களும் அதையே கேக்கீங்களா?”

“முடியல பியூலா. கால் வலிக்கி. அம்மா ஞாபகமாவே இருக்கு. உன்னப் பாத்தாலும் அழுகை வருது.” அவள் கையைப் பிடித்தான். ஆறு வருடத்தில் அவனாகப் பிடித்தது அதுதான் முதல்முறை. “எடுத்துரு.”

அவள் உள்ளே போனாள். இருபத்திரண்டாம் வரியை அழித்தாள்.

வெளியே சத்தம் அடங்கியது. ஜன்னல் வழியே பார்த்தாள். அத்தனை பேரும் வெயிலில் அசையாமல் நின்றார்கள். ஈரம் காயாத முகங்கள். பிறகு ஒருவர் ஸ்டார்ட் சொன்னார், அடுத்தவர் சொன்னார், ஜெயசீலனும் சொன்னான். வரிசையாக வீட்டுக்குத் திரும்பினார்கள். திரையில் எண் ஏறி, நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டில் நின்றது.