பல் கம்பியில் விஷம்!

போன் அலறியது.

பல் சீரமைப்பு டாக்டர் கையிலிருந்த இடுக்கியை வைத்துவிட்டு எடுத்தாள்.

"என் பொண்டாட்டிக்கு விஷம் வெச்சுட்டீங்களே டாக்டர்!"

ஆண் குரல்.

"எந்த பேஷண்ட்...?"

"போன வாரம் பல்லுக்குக் கம்பி மாட்டி விட்டீங்களே, டீச்சர்... உதடு ரெண்டும் வீங்கிப் பேச்சே வரல. போலீஸும் வந்தாச்சு. இனிமே உங்க கிளினிக்குக்குப் பூட்டுதான்!"

பூட்டா? வாசல் போர்டில் பெயின்ட் வாசனைகூட இன்னும் போகவில்லையே! டாக்டர் கைப்பையைத் தூக்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு ஓடினாள்.

சோபாவில் டீச்சர். மேலுதடு மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில், முறைத்தபடி கணவன். எதிரே இன்ஸ்பெக்டர். காதில் பஞ்சு, கண்ணில் தூக்கம், வாயில் கொட்டாவி.

கணவன் இன்டர்நெட்டில் படித்ததையெல்லாம் அவரிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தான். பல் கம்பியில் நிக்கல் இருக்குமாம். எச்சில் பட்டால் கரையுமாம்.

"கரையும்தான்," என்றாள் டாக்டர். "துளியூண்டு. முக்காவாசிப் பேர் உடம்பு அதைக் கண்டுக்காது. ஆனா இவங்களுக்கு ஃபேன்சி கம்மல் போட்டாலே காது புண்ணாயிடும். முதல் நாளே சொன்னாங்க. அதனாலதான் நிக்கலே கலக்காத டைட்டானியம் கம்பி போட்டேன்."

"அப்புறம் எப்படி மேடம் வீங்குச்சு?" இன்ஸ்பெக்டர் கொட்டாவிக்கு நடுவே கேட்டார்.

டாக்டர் டீச்சரின் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தாள். அதிர்ந்தாள்.

வழவழவென்று இருக்க வேண்டிய கம்பி... சுருள் சுருளாக!

"இது நான் போட்ட கம்பியே இல்ல."

டாக்டரின் பார்வை மெல்ல நகர்ந்து சுவரில் போய் நின்றது. அங்கே ஒரு கிடார் தொங்கியது. ஆறு கம்பி இருக்க வேண்டிய இடத்தில்... ஐந்து!

"நிக்கல் சுத்தின கிடார் கம்பி." டாக்டர் கணவன் பக்கம் திரும்பினாள். "கட்டின பொண்டாட்டி வாயில கைவரிசையைக் காட்டிட்டு, பழியை என் தலையில போடுறீங்களா சார்?"

கணவனுக்கு வேர்த்துக் கொட்டியது. "சத்தியமா நான் இல்லைங்க... அந்தக் கம்பியத்தான் நேத்துலேர்ந்து வீடு பூரா தேடிட்டிருக்கேன்!"

இன்ஸ்பெக்டர் விலங்கை உருவினார்.

அப்போது டீச்சர், வகுப்பில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி, மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

வீங்கிய உதட்டைத் தாண்டி உண்மை தட்டுத்தடுமாறி வெளியே வந்தது. கடிக்கவே கூடாது என்று டாக்டர் எச்சரித்த கெட்டி மிட்டாயைக் கடித்தாளாம். கம்பி அறுந்துவிட்டதாம். டாக்டர் திட்டுவாளே என்று பயந்து, கிடார் கம்பியை வெட்டித் தானே கட்டிக்கொண்டாளாம்.

"அதுக்கு என் கிடார்தானா கிடைச்சுது?" கணவன் அழாத குறையாகக் கேட்டான்.

"விடிய விடிய வாசிக்கிறீங்களே... ஒரு நாளாவது தூங்கலாம்னுதான்..."

டாக்டர் அந்தக் கம்பியை வெட்டியெடுத்து, வீக்கத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தாள். கிளினிக் பிழைத்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வாசல்வரை வந்த இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம்... மீதி அஞ்சு கம்பியும் உடம்புக்கு ஆகாதுன்னு எழுதிக் குடுங்களேன். இப்பவே பறிமுதல் பண்ணிடுறேன்."

"உங்களுக்கு ஏன் சார் இவ்வளவு அக்கறை?"

இன்ஸ்பெக்டர் காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கினார்.

"இவங்களுக்கு மேல் மாடியில குடியிருக்கிறது நான்தான் மேடம்!"