தண்ணி காட்டும் நேரம்

2003 சித்திரை. பேரையூரில் பஸ்ஸை விட்டு இறங்கிய தங்கப்பாண்டி, வெயிலோடு நடந்து ஊருக்குள் வந்தான். மறுநாள் அழகம்மாள் அப்பத்தாவுக்குக் கருமாதி. பக்கத்து வீட்டுச் சோலைதான் அவள் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்ள. ஒங்க அப்பத்தா செத்தும் வேலைய விடல. தெனம் உச்சிக்கு ஆட்டுத் தண்ணித் தொட்டி தன்னால நெறையுது. நான் கொடத்தத் தூக்கியே பதினஞ்சு நாளாச்சு."

"வெளையாடாதீங்க மாமா."

"இருந்து பாருங்க."

அப்பத்தா அப்படித்தான் வாழ்ந்தாள். ஆடுகளுக்குத் தண்ணி காட்டாமல் தன் வாயில் சோறு வைக்க மாட்டாள். லாரியில் அடிபட்ட நாய்க்கு மூங்கில் பத்தை கட்டி மூன்று காலில் நடக்க வைத்தாள். தாயில்லாத குட்டி அவள் முந்தானைக்குள் தூங்கும். பேரன் தரையில் தூங்குவான். சின்ன வயதிலேயே அவனுக்கு ஆடுகள்மேல் பொறாமை. அவனைக் கல்யாணம் கட்டி வந்த அஸ்வினியும் அவனை விட்டுவிட்டு அப்பத்தாவோடு கொட்டிலில்தான் கிடந்தாள்.

அஸ்வினி போய்ப் பதினோரு மாதம். நான்கு நாள் காய்ச்சல். அதன்பின் அவள் அவன் கனவில்கூட வரவில்லை.

ஆட்டுக்கு ஒருத்தி வருகிறாள். அவனுக்கு எவரும் இல்லை.

அவன் ஆடுகளையும் நாயையும் வெளியே விரட்டினான். கொட்டில் கதவை உள்ளே தாழிட்டு, காய்ந்த தொட்டியருகே உட்கார்ந்தான். அப்பத்தா இன்று அவனிடம்தான் வந்தாக வேண்டும். அஸ்வினி எங்கே என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

உச்சி. காற்று நின்றது. ஆட்டுப் புழுக்கை வாடையை மீறி, எங்கிருந்தோ அப்பத்தா மெல்லும் புகையிலையின் மணம் ஊறி வந்தது.

தொட்டியில் தண்ணீர் விழுந்தது.

யாரும் இல்லை. நீர்மட்டம் மட்டும் ஏறியது.

"அப்பத்தா," என்றான் மெல்ல. "அஸ்வினி ஒன்கூட இருக்காளா?"

வளையல் குலுங்கியது.

அப்பத்தா தாலியறுத்து முப்பது வருடம். அவள் கையில் வளையல் கிடையாது. கண்ணாடி வளையலோடு புதைத்தது அஸ்வினியைத்தான்.

அவன் பிடரியில் ஈரக் கை ஒன்று பட்டது. ஆட்டுக்கு உண்ணி பார்ப்பதுபோல் முடியை விலக்கித் தடவியது. அவன் மூச்சை அடக்கிக்கொண்டான். பதினோரு மாதத்தில் முதல்முறையாக அழுகை வந்தது.

"அஸ்வினி. என்னப் பாரு."

கை நின்றது.

காதருகே அப்பத்தாவின் குரல் கேட்டது. அவனிடம் இல்லை, அஸ்வினியிடம்.

"அவன விடு தாயி. புள்ளைக வெயில்ல நிக்கிதுக."

கை விலகியது. தாழ்ப்பாள் தானாக நகர்ந்தது. கதவு திறந்து, வளையல் ஒலி வெளியே போனது. தொட்டி பழையபடி காய்ந்து கிடந்தது.

அவன் பின்னாலேயே கண்மாய்க்கு ஓடினான். கண்மாய் தையிலேயே வற்றிவிட்டது. ஆனாலும் வேலமரத்தடியில் நின்ற அத்தனை ஆடுகளின் வாயிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. சோலை கம்பை ஊன்றியபடி நின்றார்.

"யாரு மாப்ள தண்ணி காட்டுனது?"

தங்கப்பாண்டி கடைசிக் குட்டியை நோக்கிக் கை நீட்டினான்.

அது மிரண்டு பின்வாங்கியது. யாரும் நிற்காத ஓரிடத்துக்குப் பின்னால் போய், ஒளிந்துகொண்டு, அவனை எட்டிப் பார்த்தது.