அனைத்தும் சரி

முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் ஐம்பது காசு. சிங்காரம் நூல் சங்கத்துக்குத் தர வேண்டியிருந்த பாக்கி அது. ஆர்.கே.பேட்டையில் தறி போட்டு நொடித்துப் போனபோது நின்ற கடன். பிறகு திருத்தணியில் அதே சங்கத்துக் கிடங்கில் நூல் மூட்டை தூக்கினான். முதுகு தேயத் தேயச் சேர்த்த பணத்தை 1988ஆம் வருஷம் ஆயுத பூஜையன்று காலையில் ஒரே தடவையாகக் கட்டினான்.

மறுநாள் விஜயதசமி விடுமுறை. அதற்கடுத்த நாள் காலை பத்து மணிக்குச் செயலாளர் வரதராஜன் பணப்பெட்டியைத் திறந்தார். எண்ணினார். இன்னொரு தரம் எண்ணினார். பூஜையன்று வசூல் அறுநூற்றுப் பத்து ரூபாய் என்றது கணிப்பொறி அடித்துக் கொடுத்த தாள். பெட்டியில் இருந்ததோ முந்நூற்றுப் பன்னிரண்டரை. பூட்டு உடையவில்லை. சாவி இருந்தது ஒரே ஒருவரிடம்தான், காசாளர் கங்காதரன்.

"பூஜையன்னிக்குச் சிங்காரம் ஒருத்தன்தாங்க பணம் கட்டினான். அதுதான் பெட்டியில இருக்குது. முந்தின வசூல் அப்பவே பாங்குக்குப் போயிடுச்சி" என்றார் கங்காதரன்.

வரதராஜன் தாளைத் திருப்பிக் காட்டினார். அதில் நாலு பேர் இருந்தார்கள். சிங்காரம் இல்லை. அடியில் பெரிய எழுத்தில் 'அனைத்தும் சரி' என்று அச்சாகியிருந்தது.

சிங்காரம் ரசீதை எடுத்து நீட்டினான். ரசீது எழுதுகிற கையும் சாவி வைத்திருக்கிற கையும் ஒன்றுதானே என்று செயலாளர் அதை வாங்கவே இல்லை. மாலை ஐந்து மணிக்குள் மீதிப் பணம் வராவிட்டால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டார்.

சிங்காரம் மூட்டை தூக்கப் போகாமல் அலுவலக வாசலிலேயே நின்றான். பாக்கியைத் திரும்பக் கட்டவேண்டி வருமோ என்பது இருக்கட்டும். தறியை ஜப்தி செய்யச் சங்கம் ஆள் அனுப்பப் பார்த்த நாளிலிருந்து தவணை மேல் தவணை வாங்கிக் கொடுத்து அவனைக் காப்பாற்றியவர் கங்காதரன். அந்த மனுஷனைத் திருடன் என்கிறார்களே.

பூஜையன்று ரசீதை வாங்கிக்கொண்ட சந்தோஷம் இன்னும் அவன் விரலில் இருந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் அன்று பூஜையில் பொட்டு வைக்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். சந்தனத்தைக் குழைத்து, குங்குமம் தொட்டு, தராசு, மூட்டைக் கொக்கி, பணப்பெட்டி, கணிப்பொறி, பிளாப்பி என்கிற, கணக்கு ஏறுகிற கறுப்புத் தட்டு வரைக்கும் எதையும் விடாமல் வைத்தான். ஒவ்வொன்றுக்கும் மனசுக்குள் ஒரு கும்பிடு.

பகல் ஒரு மணி மின்சார ரயிலில் தேவகி வந்து இறங்கினாள். சங்கத்துக்குக் கணிப்பொறி விற்ற மெட்ராஸ் கம்பெனியின் பழுது பார்க்கிற பெண். மெஷினில் குறையில்லை என்று எழுதி வாங்கத்தான் வரதராஜன் போன் போட்டிருந்தார். அவள் தாளைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். பெட்டியில் இருக்கும் தொகையும் சிங்காரத்தின் ரசீதும் காசு பிசகாமல் ஒன்றாக இருந்தன. திருடுகிறவன் இவ்வளவு கணக்காகவா மிச்சம் வைப்பான்? எழுதித் தராமல் மெஷின் ஓட்டுகிற ஜம்புலிங்கத்தைக் கூப்பிட்டாள்.

"அன்னிக்கு என்ன பண்ணீங்க?"

"கவுண்டர் மெஷின்ல வசூல அடிச்சேன். தட்டுல பதிஞ்சிச்சி. பூஜை முடிஞ்சதும் தட்ட எடுத்தாந்து உள்ள இருக்கிற பெரிய மெஷின்ல சொருகி, 'நாள்கணக்கு'ன்னு டைப் அடிச்சேன். மத்தது தானா ஓடுங்க."

"ஓடறப்ப பக்கத்துல இருந்தீங்களா?"

"பொரி குடுத்துகினு இருந்தாங்க. போயிட்டேன்."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"எப்பவும் ஒரு டீ குடிச்சிட்டு வர்ற நேரம் ஆவும். அன்னிக்கு ரெண்டு வாய் பொரி தின்றதுக்குள்ள பிரிண்டர் கத்திச்சி. பூஜை போட்ட ராசின்னு நெனச்சேன்."

தேவகி சிரிக்கவில்லை. சிங்காரத்தின் பக்கம் திரும்பினாள்.

"இந்தத் தாள்ல பூவம்மாள்னு ஒருத்தங்க இருக்காங்களே. பூஜையன்னிக்கு வந்தாங்களா?"

"இல்லீங்கம்மா. அது முந்தின நாள். அவங்க நூல் மூட்டைய நாந்தான் பேட்டை பஸ் மேல ஏத்திவிட்டேன்."

முந்தின நாள் தாளைக் கேட்டாள். பழைய தாள் கட்டிலிருந்து உருவிக் கொடுத்தார்கள். அதே நாலு பேர், அதே அறுநூற்றுப் பத்து. தேதி மட்டும் வேறு.

"ரெண்டையும் யாரும் பக்கத்துல வெச்சுப் பாக்கலையா சார்?"

"சரின்னு அடிச்சு வந்த பிறகு எதுக்கும்மா பாக்கணும்?" என்றார் வரதராஜன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆனாலும் விடவில்லை. பழைய வசூல் தாளைத் தேதி மாற்றி யாராவது வேண்டுமென்றே அடித்திருக்கலாமே என்றார்.

மணி மூன்றரை. தேவகி மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். 'நாள்கணக்கு' என்பது ஒரு ஏவல் பட்டியல், அவ்வளவுதான் என்றாள். அது தானாக ஒரு வேலையும் செய்யாது. வெளியே இருக்கிற மூன்று நிரல்களை, அதாவது புரோகிராம்களை, ஒன்றன்பின் ஒன்றாகக் கூப்பிடும். ஒன்று தட்டிலிருந்து வசூலை எடுத்து வரும். ஒன்று வரிசைப்படுத்தும். ஒன்று அச்சடிக்கும். ஒவ்வொரு நிரலும் போகும்போது ஒரு எண்ணை வைத்துவிட்டுப் போகும். பூஜ்யம் என்றால் வேலை நல்லபடி முடிந்தது. வேறு எண் என்றால் கோளாறு.

"இந்தப் பட்டியல் எழுதினவர் மூணாவது ஆள் வெச்ச எண்ண மட்டும்தான் பாக்கச் சொல்லியிருக்கார். மொத ரெண்டு பேர் என்ன வெச்சுட்டுப் போனாங்கன்னு கேக்கவே இல்ல."

ஒவ்வொரு ஏவலுக்குக் கீழேயும் அந்த எண்ணைத் திரையில் காட்டும்படி ஒரு வரி சேர்த்தாள். பூஜையன்று போட்ட அதே தட்டைச் சொருகி ஓட்டினாள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

திரையில் முதலில் 1 வந்தது. பிறகு 0. பிறகு 0.

பிரிண்டர் கத்தியது. இன்றைய தேதியில், பூவம்மாள் முதலாக அதே நாலு பேர். அதே அறுநூற்றுப் பத்து. அனைத்தும் சரி.

"இதோ உங்க திருடன்" என்று திரையில் ஏவல் பட்டியலைத் தொட்டுக் காட்டினாள் தேவகி. "தட்டப் படிக்க முடியலன்னு மொத ஆள் சொல்லிட்டான். கேக்க ஆள் இல்ல. ரெண்டாவது ஆள் உள்ள கெடந்த பழைய வசூல எடுத்து அடுக்கினான். மூணாவது ஆள் அதையே அச்சடிச்சான். அவன் வேலையில தப்பில்ல, பூஜ்யம் வெச்சான். காசாளர் ஒரு காசு எடுக்கல சார்."

கங்காதரன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"படிக்க முடியாம போனது ஏன்?" என்றார் வரதராஜன்.

தேவகி தட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். உறையில் மெஷின் படிப்பதற்காக விட்டிருக்கும் நீள்துளைக்குள், கறுப்புப் பரப்பின் மேல், காய்ந்த சந்தனமும் அதன் நடுவில் சிவப்பும்.

சிங்காரம் முன்னால் வந்தான். "நாந்தாம்மா வெச்சேன். எங்கணக்கு ஏறினது எந்தத் தட்டுன்னு ஜம்புலிங்கத்தக் கேட்டு, அதுக்கு மட்டும் கொஞ்சம் பெருசா வெச்சேன். நன்றிக்குத்தாம்மா."

முதலில் சிரித்தவர் கங்காதரன். அவருக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன.

தேவகி பிளேடால் உறையைக் கீறி உள்ளே இருந்த வட்டத்தை உருவினாள். சுத்தமான தண்ணீரில் அலசி, பஞ்சால் ஒற்றி, காயவைத்து, புது உறையில் போட்டாள். மெஷினின் வாயையும் துடைத்தாள். நாலே முக்காலுக்குத் திரும்ப ஓட்டினாள். ஜம்புலிங்கம் இந்தத் தடவை எங்கும் போகவில்லை. பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம்.

இனி எந்த நிரல் வேறு எண் வைத்தாலும் பட்டியல் அங்கேயே நின்று கூப்பிடும்படி எழுதிவைத்தாள். அடுத்த வருஷம் பொட்டு வைக்கலாமா என்று ஜம்புலிங்கம் கேட்டான். "நெத்தியில வைங்க. வாயில வெக்காதீங்க" என்றாள்.

வரதராஜன் கங்காதரனின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏதோ சொன்னார். பிறகு பிரிண்டரில் வந்த புதுத் தாளைக் கிழித்தெடுத்துச் சிங்காரத்திடம் கொடுத்தார்.

மலைக்கோயில் குங்குமப் பொட்டலம் ஒன்று சிங்காரத்தின் மடியில் இருந்தது. தேவகியிடம் நீட்டினான். அவள் தட்டைப் பத்திரமாக மேஜைக்குள் வைத்து மூடிவிட்டு, ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டாள்.

முதியோர் பள்ளியில் நாற்பது வயதில் கற்ற எழுத்து. சிங்காரம் தாளில் விரல் வைத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தான். சிங்காரம், கட்டியது 312.50, பாக்கி 0.

"பூஜ்யம்னா நல்லபடி முடிஞ்சதுன்னு அர்த்தமாங்கம்மா?"

"ஆமாங்க" என்றாள் தேவகி.